சிப்பி வெள்ளையும் ஈய வெள்ளையும்

ஊஜி
தைஷோ 14 (1925), மார்ச் 9

தொகுசோ அண்ணாவுக்கு,

சுமி அக்காவைக் கொன்றது நீ மேஸ்திரியாக இருக்கும் ஈய வெள்ளைப் பட்டறை. அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நீ.

இதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத முடிகிறது. நீ, மாசா அண்ணி, நவோ மூவரும் சுகமா? நான் சுகம். பிளம் பூ உதிர்ந்துவிட்டது, காற்றில் இன்னும் குளிர் இருக்கிறது. பருவத்தைப் பற்றி எழுத வேண்டியது அவ்வளவுதான்.

காரியத்தன்று உன் வீடு முழுக்க ஆட்கள் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. உங்கள் முதலாளி ஹமாசாகி கறுப்புப் பட்டு உடுத்தி வந்து, ஊதுவத்தி ஏற்றிவிட்டு, "பாவம், நல்ல பொண்ணு. பெரிபெரி யாரைத்தான் விடுது?" என்றார். நீ தலையைக் குனிந்து நின்றாய். பட்டறை டாக்டரும் சான்றிதழில் பெரிபெரி என்றே எழுதியிருக்கிறார். தீட்டிய அரிசியையே தின்பவர்களுக்குக் கை கால் விளங்காமல் போகிற நோய் அது. அக்கா எந்தக் காலத்தில் தீட்டிய அரிசியை வயிறாரத் தின்றாள்? பாதிக்குப் பாதி பார்லி கலந்த சோறுதானே உங்கள் பட்டறையில் போடுகிறீர்கள்?

புத்தாண்டுக்கு அவள் இங்கே வந்தபோது சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. வலது கை மணிக்கட்டோடு மடங்கித் தொங்கியது. ஈறு ஓரமாகப் பேனாவால் இழுத்தது போல ஒரு நீலக் கோடு. "என்னடி, கரி தின்னியா?" என்று நான்தான் கேலி செய்தேன். "சுரண்டற ரூம்ல எல்லாருக்கும் இருக்குடி. எங்க பட்டறை முத்திரை" என்று சிரித்தாள். பிப்ரவரி முடிவதற்குள் போய்விட்டாள். இருபத்தாறு வயது.

போன வாரம் கியோட்டோவுக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். தாய்மார் முகத்தில் பூசும் ஈய வெள்ளைதான் கைக்குழந்தைகளைக் கொல்கிறது என்று அந்த ஊரில் இரண்டு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்களாம். முகத்தில் பூசியதே கொல்லும் என்றால், ஒன்பது வருஷம் அதைத் தகட்டிலிருந்து சுரண்டித் தூசியை மூச்சில் இழுத்தவள் கதி என்ன? டாக்டர் சொன்னார்: "சுரண்டற அறையில எத்தனை பொம்பளைங்களுக்குக் கை விழுந்துச்சுன்னு உள்ளே இருக்கற ஆள் ஒருத்தர் எழுதி முத்திரை வச்சுக் கொடுக்கட்டும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

உள்ளே இருக்கிற ஆள் நீ. ஒரு தாள் போதும். பெயர்களை எழுது, அடியில் உன் முத்திரையை வை, எனக்கு அனுப்பு.

குளிர் போகும் வரை அண்ணியை ஈரத்தில் நிற்கவிடாதே.

ரித்சு

*

சகாய்
மார்ச் 31

தங்கை ரித்சுவுக்கு,

இங்கே செர்ரி மொட்டு விட்டுவிட்டது. உன் உடம்பு தேவலையா? நாங்கள் எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் அவ்வப்போது வயிற்றை முறுக்குகிறது. வயசுதான் காரணம், வேறொன்றுமில்லை. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உன் வாய்க்கு நம் அப்பாவே பயப்படுவார், நான் எம்மாத்திரம்?

ஒரு நல்ல சேதி. முதலாளிக்கு நவம்பரில் அறுபது முடிகிறது. கீ மலையில் வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு விடுதியை வாங்கியிருக்கிறார். அதன் பெரிய கூடத்தில் தன் படத்தை மாட்டப் போகிறார். அறுபதாம் வருஷத்துச் சிவப்புத் தொப்பி, சிவப்பு மேலாடையோடு பட்டுத் துணியில் ஆள் உயரப் படம். வரையப் போவது ஓவியர் முகாய். படத்துக்கு வேண்டிய வெள்ளையை உங்கள் ஊஜியிலிருந்துதான், அதுவும் நீ வேலை பார்க்கிற சிப்பிப் பட்டறையிலிருந்துதான் வாங்குவாராம்.

அன்றைக்கு முதலாளி முற்றத்தில் வைத்துச் சொன்னதைக் கேட்டால் நீயே சிரிப்பாய். "யோவ் தொகுசோ, முகாய்கிட்ட கண்டிப்பா சொல்லிடு. என் மூஞ்சிக்கு நம்ம வெள்ளை வேணாம். சிப்பி வெள்ளைதான் போடணும்."

"ஏங்க, நம்ம சரக்கு மட்டமா?"

"மட்டமில்லையா. அந்த ஊர்ல பூமிக்குள்ளேர்ந்து வர்ற ஆவி அழுகின முட்டை நாத்தம் அடிக்குது. நம்ம வெள்ளை அதுல ரெண்டு மூணு மாசத்துல கரிச்சட்டி ஆயிடும். சிப்பி அப்படியே நிக்கும்."

சுரண்டுகிற பெண்களில் ஒரு கிழவி மெல்லச் சொன்னாள்: "கறுத்தா என்னவாம்? உள்ளே இருக்கறதோட பொருந்திப் போகும்." நல்லவேளை, அவர் காதில் விழவில்லை.

சுமியின் துணிமணிகளை மூட்டை கட்டித் தனியாக அனுப்பியிருக்கிறேன். புத்தாண்டுக்கும் ஒபொன் பண்டிகைக்கும் முதலாளி பெண்களுக்கு ஆளுக்கொரு பெட்டி முகவெள்ளை கொடுப்பார் அல்லவா? கல்யாணத்துக்கு ஆகும் என்று ஏழு பெட்டி திறக்காமலே வைத்திருந்தாள். அதுவும் மூட்டையில் இருக்கிறது. உனக்குத்தான் சேர வேண்டும்.

நீ கேட்ட தாளைப் பற்றி நேரில் பேசலாம். இருமல் வந்தால் அலட்சியம் செய்யாதே.

தொகுசோ

*

ஊஜி
ஏப்ரல் 14

அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். மூட்டை வந்து சேர்ந்தது. இரண்டு கிமோனோ, ஒரு ஏப்ரன், மூடியில் கொக்குப் படம் போட்ட ஏழு பெட்டி. ஏப்ரனை உதறினேன். முற்றம் வெளுத்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். அக்காவின் மூக்கைப் பொத்தச் சொல்லி அங்கே யாராவது ஒரு நாள் சொன்னீர்களா?

உன் முதலாளி சொன்னதைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. தன் படத்து மூஞ்சிக்குக்கூட ஆகாத சரக்கைத்தான் அந்த ஆள் என் அக்காவின் நெஞ்சுக்குள் ஒன்பது வருஷம் அனுப்பியிருக்கிறார். பட்டுத் துணிக்குக் காட்டும் கரிசனம் ஒரு பெண்பிள்ளைக்கு இல்லை.

எங்கள் முற்றத்தில் சிப்பி மலை மாதிரி கிடக்கிறது. பதினைந்து வருஷ வெயிலையும் மழையையும் தின்று இற்றுப் போனதைத்தான் எடுத்து அரைக்கிறோம். கல் இயந்திரத்தில் தண்ணீர் விட்டு அரைத்து, தெளியவைத்து, பலகையில் பரப்பி வெயிலில் காய வைப்போம். கை வெடிக்கும், இடுப்பு ஒடியும். ஆனால் ஆணோ பெண்ணோ, இங்கே யாருக்கும் கை விழவில்லை. இந்த வெள்ளை இருக்கும்போது அந்த வெள்ளை எதற்கு என்று நீ யோசித்திருப்பாய். காரீயத் தகட்டைச் சுருட்டி அடுக்கி, அடியில் நெருப்பும் காடியும் வைத்தால் சில வாரத்தில் வெள்ளை பூத்துவிடும். பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்குத்தான்.

படத்தை எப்போது விடுதியில் மாட்டுவார்கள்? திறப்பு எந்தத் தேதி? இதற்கு மட்டுமாவது ஒழுங்காகப் பதில் எழுது.

வயிற்று முறுக்கலுக்கு வெந்நீர் குடி.

ரித்சு

*

சகாய்
மே 22

ரித்சுவுக்கு,

மழைக்காலம் தொடங்கப் போகிறது. நீ நலமாயிருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் நலம். நவோ பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாக வந்தாள். உன்னைப் போலவே எதிர்த்துப் பேசுகிறாள். "அத்தை மாதிரி பேசாதே" என்றால், "அத்தை பேசறது சரின்னா?" என்கிறாள்.

படம் ஆகஸ்ட் மாதத்தில் விடுதிக்குப் போய்விடும். நவம்பர் பதினெட்டாம் தேதி விருந்து வைத்துத் திறக்கிறார்கள். மேயர் வருகிறார், வண்ண வியாபாரிகள் சங்கத்தார் வருகிறார்கள்.

இதை எதற்குக் கேட்கிறாய்?

போனவளை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தொகுசோ

*

ஊஜி
ஜூன் 28

அண்ணாவுக்கு,

மழை விட்டு நாலு நாளாக வெயில் அடிக்கிறது. பலகைகள் நன்றாகக் காய்கின்றன. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. சொல்லப்போனால், மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான் பசி எடுக்கிறது. உன் வயிறு எப்படி?

முகாய் வந்து போனார். நல்ல மனிதர்தான், காலில் ஓட்டைச் செருப்பு. உடுப்புக்கும் பின்னணிக்கும் சாதாரண வெள்ளை, முகத்துக்கு மட்டும் ஒரு சின்னப் பொட்டலம் முதல் தரம் என்று கேட்டார். அந்தப் பொட்டலத்தை நானே தயார் செய்தேன். அரைத்தது, தெளியவிட்டது, பலகையில் பரப்பியது எல்லாம் நான். வேறு யாரையும் கிட்டே விடவில்லை. "என்னடி ரித்சு, கல்யாண மாப்பிள்ளைக்கா அரைக்கறே?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். "ஆமா, அறுபது வயசு மாப்பிள்ளை" என்றேன்.

நேற்று முகாய் வண்ணத்தில் கலக்கும் வஜ்ஜிரப் பசை வாங்க வந்தபோது என்னைத் தேடி வந்து சொன்னார்: "ஏம்மா, இந்தத் தடவை வெள்ளை என்னமா மூடுது! எப்பவும் அஞ்சு கை பூசணும். இது ரெண்டு கையிலேயே கன்னம் எழும்பி வந்துடுச்சு. கொஞ்சம் கனமா இருக்கேன்னு பாத்தேன். என்ன பண்ணின?"

"நிறைய அரைச்சேங்க."

எங்கள் முதலாளியம்மா பூரித்துப் போய் எல்லாரையும் பார்த்து, "பாத்துக்கோங்கடி, வேலைன்னா இதுதான் வேலை" என்றார்.

அக்காவின் பெட்டிகளைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். ஏழும் காலி. அவளுக்கு ஆகாமல் போனது நல்ல காரியத்துக்கு ஆயிற்று.

மழையில் நனையாதே.

ரித்சு

*

சகாய்
ஜூலை 1

ரித்சுவுக்கு,

சுகமா என்று கேட்கக்கூடக் கை வரவில்லை. உனக்குப் பைத்தியமா? என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று தெரிந்துதான் செய்தாயா? இப்போதே முகாயிடம் போய்ப் பொட்டலம் மாறிவிட்டது என்று சொல். முகத்தைச் சுரண்டிவிட்டு வேறு பூசச் சொல். இந்தக் கடிதத்தையும் இதற்கு முந்தியவற்றையும் எரித்துவிடு.

உடனே பதில் போடு. நலம்.

தொகுசோ

*

ஊஜி
ஆகஸ்ட் 16

அண்ணாவுக்கு,

மார்ச்சில் நான் கேட்டதற்கு உனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதலாளியின் மூஞ்சி என்றதும் மூன்றே நாளில் எழுதிவிட்டாய். நீ எழுதிய கடிதங்களிலேயே ஒளிவு மறைவு இல்லாத கடிதம் இதுதான். எரிக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்று ஒபொன் கடைசி நாள். செத்தவர்களை வழியனுப்ப வாசலில் நெருப்பு மூட்டினோம். அக்காவுக்கு இது முதல் ஒபொன். அவள் போகவில்லை அண்ணா. போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரு, நவம்பர் பார்த்துவிட்டுப் போ என்றேன்.

தெரிந்துதான் செய்தேன். சரிபாதி ஈயம், சரிபாதி சிப்பி. சகாய் பட்டறைச் சரக்கு, உன் தங்கை சுமி கையால் சுரண்டியது. விருந்துக்கு மேயர் வரட்டும், சங்கத்தார் வரட்டும். வெள்ளை விற்றுக் கோடீஸ்வரனானவனின் மூஞ்சி சொந்த வெள்ளையாலேயே கறுத்துத் தொங்குவதை எல்லாரும் பார்க்கட்டும். வண்ணத் தொழிலில் இருப்பவன் ஒருத்தன் பார்த்தாலே போதும், அது என்னவென்று சொல்லிவிடுவான். சிப்பி கறுக்காது என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஊர் கேட்கும்: பட்டுத் துணியையே இந்தப் பாடு படுத்துகிற சரக்கு, உள்ளே போனால் என்ன செய்யும்?

எனக்குப் பாவம் பார்க்கத் தெரியாது என்று அண்ணியிடம் சொல்லாதே. உனக்கு ஒரு வழி விடுகிறேன். நான் கேட்ட தாளை நவம்பர் ஒன்றாம் தேதிக்குள் அனுப்பு. அது கைக்கு வந்த அன்றே முகாயிடம் போய் என் தப்பு என்று ஒப்புக்கொண்டு முகத்தை மாற்றச் சொல்கிறேன். என்னை வேலையிலிருந்து துரத்துவார்கள், துரத்தட்டும். ஒரு தாள், இல்லையென்றால் ஒரு கறுத்த மூஞ்சி. எது வேண்டுமென்று நீயே முடிவு செய்.

நவோவிடம் சொல், கணக்கை விடாதே என்று. வெயில் ஆகாது, தலையில் துணி கட்டிக்கொண்டு போ.

ரித்சு

*

சகாய்
நவம்பர் 24

ரித்சுவுக்கு,

மேப்பிள் இலைகள் சிவந்து உதிரவும் தொடங்கிவிட்டன. மூன்று மாதமாக எழுதவில்லை. நீ சுகமா? வீட்டில் மற்றவர்கள் சுகம்.

விருந்து முடிந்தது. முகம் வெள்ளையாகத்தான் இருந்தது.

நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். விருந்துக்கு ஐந்து நாள் முன்பு விடுதியிலிருந்து தந்தி வந்தது. வெள்ளை விஷயம் தெரிந்தவன் நான் என்று முதலாளி என்னைத்தான் அனுப்பினார். கூடத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு ஒரு வேலைக்காரப் பெண் நின்றாள். "அய்யா, இதுக்குக் கீழே தட்டு வைக்கவே பயமா இருக்குங்க. இது மனுஷன் படமா, பேய்ப் படமா?" என்றாள். "மனுஷன்தாம்மா" என்றேன். கன்னம் புகை பிடித்த சிம்னி போல இருந்தது. நெற்றி திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. தொப்பியின் சிவப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. நீ ஆசைப்பட்டது அப்படியே நடந்திருந்தது ரித்சு. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் துடைத்தேன். நாடகக் கொட்டகைகளில் கறுத்துப் போன முகமூடிகள் எங்களிடம் திரும்பி வருவதுண்டு. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிற நுரைத்தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் கறுப்பு வெளுத்துவிடும். பட்டறைக்குள் மட்டும் தெரிந்த வேலை. கண் சரியாகத் தெரியாததால் பஞ்சை அந்தப் பெண் கையில் கொடுத்து, நான் சொல்லச் சொல்ல அவளை ஒற்றச் சொன்னேன். காலையில் தொடங்கி மத்தியானம் வரை ஆயிற்று. குளியலறை ஆவியில் அழுக்குப் படிந்திருந்தது என்று முதலாளியிடம் சொன்னேன். நம்பிவிட்டார்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். முகாயைப் போலீசில் கொடுக்க முதலாளி தயாராக இருந்தார். முகாய் வாயைத் திறந்தால் அடுத்தது உன் பெயர்தான். உன்னைக் காப்பாற்றத்தான் செய்தேன். ஒரு தங்கையை அனுப்பியாயிற்று. இன்னொன்றைச் சிறைக்கு அனுப்பச் சொல்கிறாயா?

முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளில் தட்டி, "தொகுசோ, இந்த அறுபது வயசுல என் மானத்தைக் காப்பாத்தினவன் நீதான்யா. உன் குடும்பத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

தாளைப் பற்றி இனிக் கேட்காதே. குளிர் வருகிறது, கம்பளியை எடுத்து வெயிலில் போடு.

தொகுசோ

*

ஊஜி
டிசம்பர் 1

தொகுசோவுக்கு,

இனிமேல் அண்ணா என்று எழுத மாட்டேன். அண்ணிக்கும் நவோவுக்கும் என் அன்பைச் சொல். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை.

என்னைக் காப்பாற்றினாயாம். நான் கேட்டேனா? சிறைக்குப் போகத் தயாராக இருந்ததால்தான் செய்தேன். கோர்ட்டில் நிறுத்தியிருந்தால் நீதிபதி கேட்டிருப்பார், ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று. அக்காவின் பெயரை அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொல்லியிருப்பேன். அதை எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருப்பான். நீ நுரைத்தண்ணீரால் துடைத்தது அதைத்தான்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாயாம். பார்த்தாய் அல்லவா? அந்தக் கறுப்பு எதனால் வந்தது என்று உலகத்திலேயே முழுசாகத் தெரிந்தவன் நீ ஒருத்தன். காடியில் ஈயம் பூப்பதும் தெரியும், சுரண்டுகிறவளின் ஈறு நீலமாவதும் தெரியும், முகமூடி கறுப்பதும் தெரியும், அதை வெளுக்கவும் தெரியும். இத்தனையும் தெரிந்தவன் பெரிபெரி என்றதும் தலையைக் குனிகிறாய். டாக்டர் தெரியாமல் எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். நீ?

ஒன்று கேட்க மறந்தேன். கடைசிக் கடிதத்தில் உன் எழுத்து கோணல் மாணலாக, கோழி நடந்தது போல இருக்கிறது. முதலாளி வீட்டு விருந்துச் சாராயம் இறங்குவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டாயா? குடித்தால்தான் தங்கைக்கு எழுத முடியும் என்றால் எழுதாதே.

முத்திரை வைத்த தாள் வந்தால் மட்டும் இந்த விலாசத்துக்கு அனுப்பு.

ரித்சு

*

சகாய்
தைஷோ 15, ஜனவரி 20

அன்புள்ள ரித்சுவுக்கு, அண்ணி மாசா எழுதுவது.

புத்தாண்டுக்கு உன்னிடமிருந்து வாழ்த்துகூட வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உனக்கும் உன் அண்ணனுக்கும் என்ன மனஸ்தாபம் என்று அவர் சொல்லவில்லை. உன் கடிதங்களை எனக்குப் படித்துக் காட்டுவதும் இல்லை.

அவர் கோடைகாலம் முதலே பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியாமல் இருந்தார். நவம்பரில் உனக்கு எழுதிய கடிதத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. நான் எழுதித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. இப்போது இரண்டு கையும் மணிக்கட்டோடு விழுந்துவிட்டன. நான்தான் ஊட்டுகிறேன். பெரிபெரிதான், பயப்பட வேண்டாம் என்று பட்டறை டாக்டர் சொல்கிறார். உங்கள் குடும்பத்துக்கே இந்த நோய் ராசி போலிருக்கிறது.

ஆனாலும் கடவுள் எங்களைக் கைவிடவில்லை. முதலாளி நேரில் வந்தார். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்தார் என்றால் நம்புவாயா? "நீ செஞ்ச உதவியை மறக்கலைய்யா தொகுசோ. உன் இடம் காலியா இருக்கக் கூடாது. பொண்ணை அனுப்பு" என்றார். நவோவுக்கு இந்தப் புத்தாண்டோடு பதினாலு ஆயிற்று. பள்ளிக்கூடம் போனது போதும். போன திங்கள் முதல் சுரண்டுகிற அறையில் வேலை. வேறு பெண்கள் மாதக்கணக்கில் காத்திருந்தும் இவளுக்கு உடனே கொடுத்திருக்கிறார்.

முதல் நாள் சாயங்காலம் தலை முதல் கால் வரை வெள்ளையாக வந்து நின்றாள். "பாரும்மா, கல்யாணப் பொண்ணு!" என்று சுற்றிச் சுற்றிக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. உன் அண்ணன் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனிதருக்கு நோயில் சிரிப்பும் போய்விட்டது.

அவருக்கு ஆறுதலாக நாலு வார்த்தை எழுது. கூடப்பிறந்தவள் எழுதினால் தெம்பு வரும். நீயும் குளிரில் ஜாக்கிரதையாக இரு.

மாசா

*

ஊஜி
ஜனவரி 22

அண்ணி, இந்தக் கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். ஒரு வரி விடாமல் படியுங்கள்.

அண்ணா,

நீ குடித்துவிட்டு எழுதினாய் என்று எழுதினேன். அது தப்பு. அந்த ஒன்றைத் தவிர நான் எழுதிய எதையும் திரும்ப வாங்கவில்லை.

ஹமாசாகியை நான் விடப் போவதில்லை. கையைப் பறித்துக்கொண்டு, அதற்கு நன்றியாகப் பிள்ளையையும் கேட்கிறான். அவன் கணக்கு அவனோடு, அதை இன்னொரு நாள் பார்க்கிறேன். நான் அந்தப் பொட்டலத்தைக் கட்டாமல் இருந்திருந்தால் அவன் மானம் போகும்படி ஒன்றும் இல்லை. நீ காப்பாற்றவும் ஒன்றும் இல்லை. உன் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து டீ குடிக்க அவனுக்குக் காரணமும் இல்லை. இது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அண்ணியின் கடிதம் வந்ததிலிருந்து வேறு எதுவும் என் மனசில் ஓடவில்லை.

அண்ணி, இது பெரிபெரி இல்லை. சுமி அக்காவுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அது அந்த அறையின் தூசி. அவருக்கு இது தெரியும், எப்போதும் தெரியும். நவோ சிரித்துக்கொண்டு வந்து நின்றபோது ஏன் சுவரைப் பார்த்துப் படுத்தார் என்று கேளுங்கள். இப்போதே, இந்த வரியிலேயே படிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

அண்ணா, நவோவை இங்கே அனுப்பு. தாள் வேண்டாம், முத்திரை வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். எங்கள் முதலாளியம்மாவிடம் பேசிவிட்டேன். என்னோடு ஒரே அறையில் இருப்பாள். பகலில் பள்ளிக்கூடம் போவாள். சிப்பி பொறுக்கக்கூடச் சொல்ல மாட்டேன். 31 ஞாயிற்றுக்கிழமை. காலை ரயிலில் ஏற்றிவிடு. கையில் ஒரு மூட்டையும் வேண்டாம், உடுத்த துணியோடு வரட்டும். முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை ஊஜி ஸ்டேஷனில் நிற்பேன்.

முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று படுத்துக்கொண்டு யோசிக்காதே. உனக்குக் கைதான் விழுந்திருக்கிறது, வாய் இருக்கிறது. நீ சொல், அண்ணி எழுதட்டும். அனுப்புகிறேன், அனுப்ப மாட்டேன், இரண்டில் ஒன்று.

ரித்சு

*

தந்தி
ஊஜியிலிருந்து சகாய்க்கு
பிப்ரவரி 1, காலை

நவோ வரவில்லை. என்ன நடந்தது. ரித்சு

*

தந்தி
ஊஜியிலிருந்து சகாய்க்கு
பிப்ரவரி 3, காலை

நேற்றும் நின்றேன். பதில் கொடு. ரித்சு

*

தந்தி, பதில் கட்டணம் செலுத்தப்பட்டது
ஊஜியிலிருந்து சகாய்க்கு
பிப்ரவரி 6, மாலை

இன்று காலை நவோ வேலைக்குப் போனாளா. ரித்சு